நீ முதலில் அவளிடம் சொன்னாய்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை தர்ஷினி தொலைபேசியில் பேசினாள். முகூர்த்தச் சேலையின் நிறம், ஹட்டன் மண்டபத்தில் காலைச் சாப்பாடு, அவள் பக்கத்துச் சொந்தக்காரர்கள் எந்த பஸ்ஸில் வருவார்கள் என்றெல்லாம் பேசிவிட்டு, வைக்கப் போகிற நேரத்தில் மெதுவாகக் கேட்டாள். "அத்தை, கோவிச்சுக்காதீங்க. அவரு ஏன் கெம்பஸ பாதியில விட்டாரு? நான் கேட்டா சிரிக்கிறாரே தவிர ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரு." எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. இரசாயனவியல் ஆசிரியர் பட்டப்படிப்பை நீ ஏன் மூன்றாம் வருடத்தில் விட்டாய் என்பது எனக்கு முழுதாகத் தெரியும். ஆனால் அது நீ எனக்குச் சொன்ன பதில் இல்லை. இன்னொருத்தி வாயால் நான் கேட்ட பதில். அதை எடுத்து என் மருமகளாக வரப்போகிறவளிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "அவன்கிட்டயே இன்னொரு தடவ கேளும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து இந்தக் கடிதம் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதை ஒட்டி மூடி அனுப்பப் போவதில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். ஆசிரியராக வருவான் என்று பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய பிள்ளை பாதியில் திரும்பி வந்த வீடுகள் இந்த மலையில் நம் வீடு மட்டும் இல்லை. அந்தத் தாய்மார் எல்லாரும் கோபத்தையும் கவலையையும் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் பேச வேண்டியது பொறாமையைப் பற்றி. பெற்ற பிள்ளைமேல் பொறாமைப்பட்டேன் என்று எந்தத் தாயும் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அது வந்தது, வளர்ந்தது, இன்னும் முழுதாகப் போகவில்லை.

நான் உயர்தரம் படித்த காலத்தில் நம் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகள் எதிலும் விஞ்ஞானப் பிரிவு இருக்கவில்லை. கலைப் பிரிவில் படித்தேன். பூண்டுலோயாவில் ஆசிரிய உதவியாளராக நியமனம் கிடைத்தபோது, விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் இல்லை என்று அதிபர் புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டார். இரவல் புத்தகங்களை வைத்து நானே படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு அதில் பைத்தியமே பிடித்தது. ஆசிரியர் கலாசாலைக்குப் போனபோதும் விஞ்ஞானத்தையே எடுத்தேன். எங்கள் பாடசாலையில் ஆய்வுகூடம் என்று ஓர் அறை உண்டு, உடைந்த கதிரைகளைப் போட்டு வைக்க. அமிலத்தையும் காரத்தையும் பற்றிப் படிப்பிக்கும்போது சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கிற கண்ணாடி அளவியைக் கரும்பலகையில் வரைவேன். துளி விழுவதைக்கூட வரைவேன். பிள்ளைகள் அழகாக இருக்கிறது என்பார்கள். அந்த அளவியை நான் முதன்முதலாகக் கையால் தொட்டது உன் கம்பஸில்தான்.

உனக்கு ஞாபகம் இருக்கும், நீ முதலாம் வருடம். என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஆய்வுகூடத்தைக் காட்டினாய். வரிசை வரிசையாக அளவிகள் நின்றன. நான் உன்னிடம், "ஒரு தடவ தொறந்து பார்க்கவா?" என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாய். நான் குழாயைத் திருகினேன். துளி துளியாக விழுந்தது. இன்னும் கொஞ்சம் திருகினேன், இன்னும் கொஞ்சம். நீ வாசலைப் பார்த்துக்கொண்டு, "போதும்மா, ஆள் வரும்" என்றாய். ஊருக்கு வந்து எல்லாரிடமும் பெருமையாக இருந்தது என்று சொன்னேன். பஸ்ஸில் வரும்போது எனக்குள் இருந்தது வேறு. இந்தப் பிள்ளைக்கு இது தினமும் கிடைக்கிறது, அதுவும் அலுத்துப்போன முகத்தோடு நிற்கிறான் என்று மனம் எரிந்தது. ஹட்டன் வந்து சேரும் வரை யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதன் பிறகு நீ வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் கேள்வி கேட்டேன். என்ன பரிசோதனை செய்தீர்கள், என்ன கரைசல், என்ன நிறம் வந்தது என்று. நீ சுருக்கமாகச் சொல்வாய். வர வர இன்னும் சுருக்கமாகச் சொன்னாய். பிறகு வருவதே குறைந்தது. படிப்பு கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். என் மகன்தான் இந்த வட்டாரத்துக்கு இரசாயனவியல் பட்டதாரி ஆசிரியராக வரப்போகிறான் என்று ஆசிரியர் அறையில் சொல்லாத நாள் இல்லை.

அப்படி ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் தமிழ் டீச்சர் இடையில் கேட்டார். அவர் கொழும்புக்குப் போய் முந்தின நாள்தான் திரும்பியிருந்தார்.

"டீச்சர், மகன் இப்ப கினிகத்தேனையிலயா இருக்காரு?"

"இல்லயே, கெம்பஸ்ல. ஏன்?"

"பஸ் நின்ன நேரம் பார்த்தேன். அங்க உரக்கடையில மூட்டை இறக்கிக்கிட்டு நின்னாரு. எனக்குக் கையக்கூட காட்டினாரே."

அறையில் எல்லாரும் தத்தம் புத்தகங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். நான் ஏதோ விடுமுறைக்கு நிற்கிறான் என்று சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா லொறியைக் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டேன். அவர் துணியைப் பிழிந்தபடியே சொன்னார், "அவன்தான் ஒனக்குச் சொல்ல வேண்டாம்னான். கொழும்புக்குத் தேயிலை ஏத்திட்டுப் போகையில அந்தப் பக்கமாத்தானே போறேன். நல்லாத்தான் இருக்கான். சாப்பாட்டுக்குக் குறையில்ல, அந்தக் கடைக்காரம்மா பார்த்துக்கிறாங்க." மாதக்கணக்கில் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நீ படிப்பை விட்டது முதலில் எனக்கு உறைக்கவே இல்லை. அப்பாவுக்குத் தெரியும், தமிழ் டீச்சருக்குக் கை காட்டியிருக்கிறாய், யாரோ ஒரு கடைக்காரம்மா உனக்குச் சோறு போடுகிறாள், எனக்கு மட்டும் தெரியாது என்பதுதான் உறைத்தது.

அடுத்த சனிக்கிழமை கினிகத்தேனைக்கு வந்தேன். நேரே கடைக்கு வராமல் எதிர்ப்பக்கத்தில், பேச்சு கேட்கும் தூரத்தில் நின்று உன்னைப் பார்த்தேன் என்பது உனக்குத் தெரியாது. ஒரு சிங்கள விவசாயி உன்னிடம் பேசிக்கொண்டு நின்றார். உன்னை மல்லி, மல்லி என்று தம்பி முறை சொல்லிக் கூப்பிட்டார். அவர் ஏதோ ஓர் உரத்தைக் கேட்கிறார், நீ வேண்டாம் என்று டொலமைட் சுண்ணாம்பு மூட்டையைக் காட்டுகிறாய். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நீ அவர் கொண்டுவந்த மண்ணை உள்ளங்கையில் கொட்டி, புளித்துப்போன மண் என்று சிங்களத்தில் சொல்லி, புளிப்பை எது போக்கும் என்று அவரிடமே கேட்டாய். அவர் யோசித்தார். நீ அவசரப்படாமல் நின்றாய். கடைசியில் அவரே சொன்னார், நீ தலையாட்டினாய். என் கால் நூற்றாண்டு ஆசிரியர் வாழ்க்கையில் ஒரு மாணவன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்தது குறைவு. படிப்பிக்கப் பிடிக்காமல் ஓடி வந்தவன் இவன் இல்லையே என்று நினைத்தேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நான் வீதியைக் கடந்து வருவதற்குள் நீ சாமான் கொடுக்க முச்சக்கரவண்டியில் ஏறிப் போய்விட்டாய். கடைக்குள் இருந்தவள்தான் பரீதா. கணவர் மௌத்தான பிறகு கடையைத் தனியாக நடத்துகிறவள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "வாங்க டீச்சர். சொல்லாமலே தெரியுது, மகன்ட முகம் அப்பிடியே ஈக்கி" என்று பின்பக்கத்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே கொடியில் உன் சட்டை காய்ந்தது. அதைத் துவைத்தது நீயா அவளா என்பதுதான் அந்த நேரத்தில் எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது.

இஞ்சி போட்ட பிளேன்டீயை வைத்துவிட்டு அவள் சொல்லத் தொடங்கினாள். நீ ஹட்டனுக்கு வருகிற பஸ்ஸிலிருந்து பெட்டியோடு இறங்கி, வீட்டுக்குப் போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் அவள் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றாயாம். மழை விட்ட பிறகும் நின்றாயாம். அவள் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான், நீ எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய்.

ஆங்கிலத்தில் நடந்த விரிவுரைகள் உனக்கு முதல் வருடம் புரியவே இல்லை என்பதை அவள் சொல்லித்தான் அறிந்தேன். அகராதியோடு உட்கார்ந்து அதைத் தாண்டியிருக்கிறாய். இரண்டாம் வருடத்தில் இரசாயனவியல் சிறப்புப் பட்டம் படிக்கிற பிள்ளைகளோடு ஒரே ஆய்வுகூடத்தில் நின்றபோது, செய்முறை காட்டுகிறவர் உங்களைக் கருவியிலிருந்து தள்ளி நிற்கச் சொல்லி, நீங்கள் ஆசிரியராகத்தானே போகிறீர்கள், உங்களுக்கு இவ்வளவு போதும் என்றாராம். கல்விப் பீடத்தில் இருந்தவர்களுக்கோ நீங்கள் விஞ்ஞானக்காரர்கள். இரண்டு பக்கமும் உங்களைத் தங்கள் பிள்ளை என்று சொல்லவில்லை. உன்னோடு சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒருவன் பெயின்ட் கொம்பனிக்குப் போனான், ஒருத்தி தாதியர் படிப்புக்கு மாறினாள், இன்னொருவன் வெளிநாட்டுக்குப் போனான். ஒருவர் போனதும் மிஞ்சியவர்கள் தாங்கள் ஏன் இருக்கிறோம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

"அதெல்லாம் பொறுத்துத்தான் ஈந்திக்கிறார்" என்றாள் பரீதா. "பள்ளிக்கூடத்துக்குப் படிச்சுக் குடுக்க அனுப்பினாங்களாமே, அங்கதான் மனசு விட்டிட்டு."

கற்பித்தல் பயிற்சிக்கு அனுப்பிய பாடசாலையில் உனக்கு இரசாயனவியல் வகுப்பே ஒழுங்காகத் தரவில்லையாம். வராத ஆசிரியர்களின் வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளவும், பரிசளிப்பு விழாவுக்கு மேடை சோடிக்கவும் விட்டிருக்கிறார்கள். இரசாயனங்கள் இருந்த அலுமாரி பூட்டியே கிடந்தது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. மேற்பார்வைக்கு வந்தவர் பாடக்குறிப்பின் ஓரத்தில் கோடு சரியாக அடிக்கவில்லை என்று திருத்தினார், பிள்ளைகளுக்கு விளங்கியதா என்று கேட்கவில்லை. இதையெல்லாம் பரீதா உன் குரலிலேயே சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். நான் விடவில்லை.

"இன்னும் என்ன சொன்னான்? சொல்லுங்க."

"வேணாம் டீச்சர். புள்ள மனசுக் கஷ்டத்துல சொன்னது."

"நான் அவன் அம்மா. எனக்குத் தெரியணும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அந்தப் பாடசாலையில் ஒரு வயதான விஞ்ஞான டீச்சர் இடைவேளையில் மேசையில் தலையை வைத்துப் படுத்திருப்பாராம். ஒரு நாள் நிமிர்ந்து, "தம்பி, ஒனக்கு வேற ஒண்ணும் கிடைக்கலயா?" என்று கேட்டாராம். உனக்கு என் ஞாபகம் வந்ததாம். நானும் பின்னேரத்தில் வீட்டுக்கு வந்து அப்படித்தான் படுப்பேனாம். நீயும் அப்படி ஆகிவிடுவாயோ என்று பயம் வந்துவிட்டதாம்.

எனக்குக் கோபம் வந்தது என்று நீ நினைக்கலாம். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். உரம் ஒட்டிய கைகள், முக்காட்டுக்குள் களைத்த முகம், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் என்று அவளே சொன்னாள். என் பிள்ளையின் மனதில் இருந்ததெல்லாம் அவளிடம் இருந்தது. எனக்குக் கிடைக்க வேண்டியது. அந்த நேரத்தில் நீ திரும்பி வந்து, வாசலில் நின்றபடி, "பரீதாம்மா, பில் புத்தகம் எங்க?" என்று கேட்டாய். பரீதாம்மா. பிறகுதான் என்னைக் கண்டாய்.

"அம்மா... சாப்டீங்களா?"

"நான் யாரு ஒனக்கு? ஊரெல்லாம் தெரிஞ்ச பிறகு எனக்குச் சொல்லலாம்னு இருந்தியா?"

நீ அமைதியாகச் சொன்னாய். "ஒங்ககிட்ட சொன்னா நீங்க திருத்துவீங்கம்மா. இது பிழை, அப்படிச் செஞ்சிருக்கலாம், இப்படிக் கேட்டிருக்கலாம்னு. இவங்க கேட்டுக்கிட்டு இருந்தாங்க. வேற ஒண்ணும் செய்யல."

நான் டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அதன் பிறகு பல மாதங்கள் நாம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நீ தீபாவளிக்கு வந்தாய், சேலை கொண்டுவந்தாய், நான் நிறம் நன்றாக இல்லை என்றேன். அந்தச் சேலையைத் தேர்ந்தெடுத்தது அவள்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

கடைக்கு மேல்மாடியில் சனி, ஞாயிறுகளில் உயர்தரப் பிள்ளைகளுக்கு நீ வகுப்பு நடத்துகிறாய் என்பதையும் வேறொருவர் சொல்லித்தான் கேட்டேன். சொன்னது காவியா. என்னிடம் பதினோராம் தரம் வரை படித்து, விஞ்ஞானப் பிரிவுக்காக ஹட்டனுக்குப் போன பிள்ளை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒங்க மகன் சேர்ட கிளாஸ்ல தூக்கமே வராது டீச்சர். மோல்னா என்னன்னு இப்பதான் எனக்கு விளங்கிச்சு" என்றாள். மோல் என்றால் என்ன என்று அவளுக்கு முதலில் படிப்பித்தவள் நான். மூன்று பாடவேளை எடுத்துப் படிப்பித்தேன். அந்தப் பிள்ளை கள்ளமில்லாமல் சிரித்தது.

அடுத்த ஞாயிறு உன் வகுப்பைப் பார்க்கவென்றே வந்தேன். பின்வரிசை வாங்கில் போய் உட்கார்ந்தேன். நீ கண்டாய், காணாதது போல் நடத்தினாய். ஒரு மோல் நீரும் ஒரு மோல் உப்பும் திணிவில், அதாவது பாரத்தில், சமமா என்று கேட்டாய். காவியா எழுந்து சமம் என்று பலகையில் எழுதினாள். என் மாணவி. நீ அதை அழிக்கவில்லை. எப்படி என்று சொல்லச் சொன்னாய். அவள் பிழையாகவே விளக்கிக்கொண்டு போனாள், நீ சுவரில் சாய்ந்து, அவள் சொல்வது உலகத்திலேயே முக்கியமான விஷயம் போல் கேட்டுக்கொண்டிருந்தாய். என்னால் தாங்க முடியவில்லை.

"மோல்ங்கிறது எண்ணிக்கை, திணிவு இல்ல!" என்று பின்னால் இருந்து சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. நீ மரியாதையோடுதான் சொன்னாய். "டீச்சர், கொஞ்சம் பொறுங்க. அவங்க இன்னும் முடிக்கல." காவியா தொடர்ந்தாள். நாலு வார்த்தை பேசியிருப்பாள், தன் பேச்சிலேயே தடுக்கி நின்றாள். "சேர், இல்ல... எண்ணிக்கைதானே சமம்? துணிக்கையோட பாரம் வேற வேற தானே?" என்று கேட்டுக்கொண்டே தான் எழுதியதைத் தன் கையாலேயே அழித்தாள். அதையேதான் நானும் சொல்லியிருந்தேன். என் வாயிலிருந்து வந்தபோது அது அவள் காதில் ஏறவில்லை.

தம்பி, நான் அளவியைத் திருகிய நாளில் பட்ட பொறாமையும், பரீதா வீட்டில் பட்ட பொறாமையும் இதன் முன்னால் சின்னதாகப் போய்விட்டன. நான் வாழ்நாள் முழுக்கச் செய்த தொழிலை, அதற்கான படிப்பைப் பாதியில் விட்ட நீ, ஓர் உரக்கடை மாடியில் என்னைவிட நன்றாகச் செய்தாய். பொறுத்திருக்கத் தெரிந்தவர்களை நான் எப்போதும் மந்தமானவர்கள் என்றே நினைத்திருந்தேன். பரீதா உன்னிடம் செய்ததும் நீ காவியாவிடம் செய்ததும் ஒன்றுதான் என்று படியிறங்கும்போது விளங்கியது. விளங்கியதால் எரிச்சல் அடங்கவில்லை. கீழே பரீதா டீ குடிக்கக் கூப்பிட்டாள். இந்த முறை உட்கார்ந்து குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, அவளிடம் சொல்லவில்லை.

அதனால் கல்யாணத்துக்கு முன் உனக்கு நான் சொல்வது இதுதான். தர்ஷினிக்கு நீயே சொல். ஆங்கிலம் புரியாமல் தவித்ததையும், கருவியிலிருந்து தள்ளி நிறுத்தியதையும், பூட்டிய அலுமாரியையும், என்னைப் போல ஆகிவிடுவாய் என்று பயந்ததையும்கூட ஒளிக்காமல் சொல். நீ சிரித்து மழுப்பினால் அவள் ஒரு நாள் வேறு யாரோ வாயால் கேட்பாள். தன்னுடையவன் மனதை மூன்றாம் ஆள் சொல்லிக் கேட்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கு அது வேண்டாம். அவள் நடுவில் புகுந்து திருத்தினால் கோபப்படாதே. "கொஞ்சம் பொறு" என்று சொல். என்னிடம் அதை நீ சின்ன வயதிலேயே சொல்லியிருந்தால் நானும் பழகியிருப்பேனோ என்னவோ. மண்டபத்தில் பரீதாவுக்கு முன்வரிசையில் இடம் வைக்கச் சொன்னாய். வைத்துவிட்டேன். என் கதிரையிலிருந்து ஒரு கதிரை தள்ளி. அதற்கு மேல் இப்போதைக்கு என்னால் முடியாது.

இவ்வளவும் எழுதி வைத்த பிறகு நேற்றுப் பின்னேரம் நீ வீட்டுக்கு வந்தாய். அதையும் எழுதி முடித்துவிடுகிறேன். நான் குசினியில் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். பலகையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாய். திரும்பவும் படிப்பைத் தொடரலாமா என்று கம்பஸுக்குக் கேட்கப் போனதாகச் சொன்னாய். மாடி வகுப்பு உனக்கு அந்த ஆசையைத் திரும்பக் கிளப்பிவிட்டதாம், பாடசாலைக்குள் போக வேண்டுமென்றால் பட்டம் வேண்டுமாம். அவர்கள் பழைய கோப்பை எடுத்துப் பார்த்து, காலம் கடந்துவிட்டது, இனிப் பதிய முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். ஏன் அப்போதே விடுப்பு எழுதிக் கொடுக்கவில்லை என்ற கேள்வி என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கல்விப் பீடாதிபதியைப் பார்த்தாயா, வெளிவாரியாகப் படிக்க வழி இல்லையா என்பதும் வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினேன். லீக்ஸை அவ்வளவு பொடியாக நான் வெட்டியதே இல்லை.

நீ சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாய். "ஒண்ணும் சொல்லலயாம்மா?"

"இல்ல. இன்னும் இருந்தா சொல்லு."

நீ சொன்னாய். வாசலில் இருந்த காவலாளி உன்னை அடையாளம் கண்டு, சேர் இப்போது எங்கே படிப்பிக்கிறீர்கள் என்று கேட்டதையும், நீ பதில் சொல்லாமல் வந்ததையும் சொன்னாய். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"பரீதாம்மாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்லம்மா. ஒங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

அது உனக்குக் கெட்ட செய்தி. மகனே, அதற்காக நான் வருத்தப்பட்டேன், பொய் இல்லை. ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். நான் அழுகிறேன் என்று நினைத்து நீ என் தோளில் கையை வைத்தாய். நானும் அப்படியே இருந்துவிட்டேன்.

அம்மா